பிடி அரிசியில் படித்த பிள்ளை

விருதுநகரில் முன்பு ஒரு பழக்கம் இருந்தது.

காலையில் உலைக்கு அரிசி அளக்கும்போது, வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு ஒரு கலயத்தில் போடுவார்கள். வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் அந்த அரிசியில் கை வைக்க மாட்டார்கள். அது ஊர்ப் பொதுவுக்குச் சேர வேண்டியது. வீடு வீடாகத் திரண்ட அரிசி பணமாகும். பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகும்.

இப்படிப் பிடி அரிசியால் நடந்த பள்ளிக்கூடம்தான் சத்திரிய வித்தியாசாலை. நாடார் சமூகத்தார் ஏற்படுத்தியது. அங்கே பிள்ளைகளிடம் சம்பளம் வாங்குவது இல்லை. கையில் காசு இல்லாத வீட்டுப் பிள்ளையும் போய் உட்காரலாம்.

அங்கே உட்கார்ந்து படித்த ஒரு பையன், பிற்காலத்தில் சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி ஆனான். ராஜ்யம் முழுவதும் பள்ளிக்கூடத்திலேயே அடுப்பு மூட்டி, ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட ஏற்பாடு செய்தான்.

அந்தப் பையன்தான் காமராஜர்.

நகையை விற்ற தாய்

காமராஜர் பிறந்தது 1903-ம் ஆண்டு ஜூலை மாதம் 15-ந் தேதி. அப்போது ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். தந்தை குமாரசாமி நாடார் தேங்காய் வியாபாரம் செய்தவர். தாய் சிவகாமி அம்மாள். குலதெய்வமான காமாட்சியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். தாய்க்கு அவன் ராஜா. இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆகிவிட்டது.

பையனுக்கு 6 வயது ஆகும்போது தந்தை இறந்துவிட்டார். நாகம்மாள் என்று ஒரு தங்கை. இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு சிவகாமி அம்மாள் என்ன செய்வார்? உடம்பில் கிடந்த நகைகளை விற்றார். அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்து வைத்தார். மாதா மாதம் வந்த வட்டியில் குடும்பம் நடந்தது.

திண்ணைப் பள்ளியில் எழுத்து படித்த பையன், பிறகு சத்திரிய வித்தியாசாலைக்குப் போனான்.

அவனுடைய பள்ளி நாட்களைப் பற்றி விருதுநகரில் ஒரு கதை சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையார் சதுர்த்தி கொண்டாடினார்கள். பூசை முடிந்ததும் பிரசாதம் கொடுத்தார்கள். பையன்கள் முண்டி அடித்துக்கொண்டு ஓடினார்கள். காமராஜ் மட்டும் ஓரமாக நின்றான். கூட்டம் கலைந்த பிறகு போனான். பாத்திரத்தின் அடியில் இருந்தது கொஞ்சம்தான். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மற்ற பிள்ளைகள் கை நிறையக் கொண்டுவர, நீ மட்டும் ஏன் இவ்வளவு கொண்டுவந்தாய் என்று பாட்டி கேட்டாள். எல்லாருக்கும் சமமாகக் கொடுப்பது வாத்தியாருடைய வேலை, பிடுங்கித் தின்பது என் வேலை அல்ல என்கிற மாதிரி பையன் பதில் சொன்னானாம்.

பெரிய மனிதர்களின் சிறு வயதைப் பற்றி இப்படிப்பட்ட கதைகள் பிற்பாடு முளைப்பது உண்டு. ஆனாலும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு பங்கிடுகிற காரியத்தைக் கையில் எடுத்த மனிதரைப் பற்றி ஊரார் இந்தக் கதையைத் தேர்ந்து வைத்திருப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

படிப்பு நீடிக்கவில்லை. 12 வயது வாக்கில் பள்ளிக்கூடத்தை விட்டார். மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக் கடையில் உட்கார்ந்தார்.

துணி கிழித்துக் கொடுக்கிற வேலையில் மனம் ஒட்டவில்லை. ஊரில் எங்கே கூட்டம் நடந்தாலும் அங்கே நின்றார். 1919-ல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தது. 16 வயதுப் பையன் காங்கிரசில் சேர்ந்தான். 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகம். அதன் பயனாக வங்காளத்தில் உள்ள அலிப்பூர் சிறை. பிறகு வேலூர், அமராவதி என்று பல சிறைகள். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 9 ஆண்டுகள் கம்பிக்குப் பின்னால் போயின. பள்ளிக்கூடத்தில் விட்ட படிப்பைச் சிறையில்தான் அவர் தொடர்ந்தார். ஆங்கிலப் புத்தகங்களையும் படிக்கப் பழகினார். சத்தியமூர்த்தி அவருக்கு அரசியல் ஆசான். 1940-ல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர் ஆனார்.

1954 ஏப்ரல் 13-ந் தேதி, தமிழ் வருடப் பிறப்பு அன்று, காமராஜர் முதல்-மந்திரி பதவி ஏற்றார்.

மாடு மேய்க்கிற பையனின் கணக்கு

அப்போது பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் ராஜ்யம் முழுவதும் பேச்சு. அதற்கு முந்தின ஆண்டு ராஜாஜி மந்திரிசபை ஒரு புதிய கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. கிராமத்து ஆரம்பப் பள்ளியில் அரை நாள் பாடம், மிச்ச நேரம் வீட்டுத் தொழில் என்பது அந்தத் திட்டம். எதிர்ப்புப் பலமாகக் கிளம்பியது. காமராஜர் வந்ததும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். கல்வி இலாகாவுக்கு மந்திரி சி.சுப்பிரமணியம். கல்வி இலாகாவின் டைரக்டராக நெ.து.சுந்தரவடிவேலு வந்தார்.

பள்ளிக்கூடம் இல்லாத கிராமங்களில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். வாத்தியார்களைப் போட்டார்கள். ஆனாலும் பிள்ளைகள் போதிய அளவுக்கு வரவில்லை. வந்தவர்களும் நிலைக்கவில்லை.

காரணம் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவை இல்லை. ஏழை வீட்டுப் பையனின் ஒரு நாளை எடுத்துக்கொண்டால் போதும். மாடு மேய்க்கப் போனால், மாட்டுக்காரர் வீட்டில் அவனுக்குக் கூழ் கிடைக்கும். பள்ளிக்கூடம் போனால் அந்தக் கூழ் போய்விடும். அதாவது, பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்காவிட்டாலும் படிப்பு இலவசம் அல்ல. ஒரு வேளைக் கூழை விலையாகக் கொடுத்துத்தான் அவன் அதை வாங்க வேண்டும்.

தாயும் தந்தையும் களை எடுக்கவோ கல் உடைக்கவோ போயிருப்பார்கள். மத்தியான மணி அடித்ததும் பிள்ளை வீட்டுக்கு ஓடும். அடுப்பில் பூனை படுத்திருக்கும். அந்தப் பிள்ளை பிற்பகல் பாடத்துக்குத் திரும்பி வருமா? வந்தாலும், வாத்தியார் சொல்வது காதில் ஏறுமா?

காமராஜர் ராஜ்யம் முழுவதும் ஓயாமல் சுற்றியவர். ஒரு தடவை சேரன்மாதேவி பக்கம் ரெயில்வே கேட் மூடி இருந்ததாம். காரை விட்டு இறங்கி நின்றார். மாடு மேய்க்கிற பையன்கள் கண்ணில் பட்டார்கள். பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டார். பள்ளிக்கூடம் போனால் சோறு யார் போடுவார்கள் என்று ஒரு பையன் திருப்பிக் கேட்டான். சோறு போட்டால் போவாயா என்றார். போவேன் என்றான். மதிய உணவுத் திட்டம் இந்த ரெயில்வே கேட்டில்தான் பிறந்தது என்று சொல்வார்கள்.

ஒரே ஒரு பையனின் ஒரே ஒரு பதிலால் ராஜ்யத் திட்டம் பிறப்பது இல்லை. ஆனால் அந்தப் பையன் சொன்னதாகச் சொல்லப்படும் பதில், ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பதில். அது மட்டும் உண்மை.

சென்னையில் நடந்த சோதனை

பள்ளிக்கூடத்தில் சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்பது, சென்னையில் முன்னமே நடத்திப் பார்த்த காரியம்.

1920-ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராய செட்டியார். ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க அவர் காலத்தில் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு வேறு சில பள்ளிக்கூடங்களுக்கும் அது பரவியது. சிற்றுண்டி கொடுத்த இடங்களில் பிள்ளைகளின் தொகை இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆனது.

ஆனால் 1925-ல் வெள்ளைக்கார சர்க்கார் குறுக்கே நின்றது. ஆரம்பக் கல்விக்கு உள்ள நிதியைச் சிற்றுண்டிக்குச் செலவிடக் கூடாது என்றது. படிப்பு வேறு, சாப்பாடு வேறு என்பது அவர்கள் கணக்கு. பின்னால் சிறிய அளவில் மறுபடியும் நடந்தது என்றாலும், சென்னைப் பட்டணத்துக்கு வெளியே அது வரவே இல்லை.

ஒரு பட்டணத்தில் நடந்ததை ஆயிரக்கணக்கான கிராமங்களில் நடத்துவது எப்படி? பணத்துக்கு எங்கே போவது? இந்தக் கேள்வி எழுந்தது நியாயம்தான். சென்னை ராஜ்யம் அன்று பணக்கார ராஜ்யம் அல்ல. திறக்க வேண்டிய பள்ளிக்கூடங்களே ஏராளமாக இருந்தன.

பணம் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காமராஜர் விடவில்லை. பிடி அரிசியில் படித்தவர் அல்லவா? ஊரார் கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

எட்டயபுரம்

1956-ல், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில், மதிய உணவை அவர் தொடங்கி வைத்தார். பசியோடு இருக்கிற பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று அங்கே பேசினார். மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, ஊர் ஊராகப் போய் இதற்காகப் பிச்சை எடுக்கவும் தயார் என்றார்.

முதல்-மந்திரி இப்படிப் பேசினால் ஊர் சும்மா இருக்குமா? சர்க்கார் பணம் வருவதற்கு முன்பே பல ஊர்களில் அடுப்பு எரியத் தொடங்கியது. அறுவடைக் காலத்தில் நெல் கொடுத்தவர்கள் உண்டு. பருப்பு, காய்கறி, விறகு கொடுத்தவர்கள் உண்டு. பெரிய பாத்திரம் வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. கையில் ஒன்றும் இல்லாதவர்கள் வந்து சமைத்துக் கொடுத்தார்கள்.

1957 நவம்பர் முதல் சர்க்கார் பணம் வந்தது. செலவில் 100-க்கு 60 பங்கு சர்க்கார். மீதி 40 பங்கு ஊரார். ஆண்டில் 200 நாட்கள் சாப்பாடு. சோறும் குழம்பும்தான். அதற்கு மேல் ஆடம்பரம் கிடையாது.

அந்த 40 பங்கில் ஒரு நன்மையும் இருந்தது, ஒரு கெடுதலும் இருந்தது.

நன்மை என்ன? ஊரார் பணம் போட்டதால், ஊரார் கண்ணும் அடுப்பின்மேல் இருந்தது. அரிசியில் கல் இருந்தால் கேட்க ஆள் இருந்தது. யாரோ எங்கோ இருந்து அனுப்புகிற தருமம் என்ற எண்ணம் வரவில்லை.

கெடுதல் என்ன? நஞ்சை நிறைந்த ஊரில் 40 பங்கு சுலபமாகச் சேரும். மழை பொய்த்த கரிசல் காட்டில், எல்லாரும் கூலிக்காரர்களாக இருக்கிற ஊரில், எங்கிருந்து சேரும்? எந்த ஊரில் பசி அதிகமோ, அந்த ஊரில்தான் பங்கு சேர்ப்பது கஷ்டம். பணம் சேராத மாதத்தில் குழம்பு நீர்க்கும். இதற்கு யாரையும் குறை சொல்லிப் பயன் இல்லை. தாராளமான சர்க்கார் பணம் இல்லாமல் பெரிய காரியத்தைத் தொடங்கியதன் விளைவு அது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. சாப்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்ல, ஏழைப் பிள்ளைகளுக்குத்தான். யார் ஏழை? பெயர் எழுத வேண்டியவர் வாத்தியார். கிழிந்த சட்டை போட்டவன் ஒருவன். சட்டையே போடாதவன் ஒருவன். இருவரில் யாருக்கு இலை போடுவது? சம்பளம் குறைந்த அந்த வாத்தியார்கள், பாடமும் நடத்தி, அரிசிக் கணக்கும் எழுதி, இந்தத் தீர்ப்பும் சொன்னார்கள். திட்டம் நின்றதற்குப் பாதிப் பெருமை அவர்களுக்கு உரியது.

1961 முதல் 'கேர்' என்ற அமெரிக்கத் தரும ஸ்தாபனம் பால் பவுடர், எண்ணெய் முதலியவற்றைக் கொடுத்து உதவியது. நீர்த்த குழம்புக்கு அது கைகொடுத்தது.

பலன் என்ன?

சோறு போட்டதால் பிள்ளைகள் வந்தார்களா? வந்தார்கள். பிற்பகலில் காலியாகக் கிடந்த பலகைகள் நிறைந்தன. வெளியே மாடு மேய்த்துக்கொண்டு நின்ற பையன் உள்ளே வந்தான். வந்தவன் சாப்பிட்ட பிறகு ஓடிப்போகாமல் இருந்தான்.

1951-ல் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது, இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 21 பேர். 1961-ல் 31 பேர்.

இந்தப் பத்துப் பேரையும் சோற்றுக் கணக்கில் எழுதிவிட முடியாது. அதே காலத்தில்தான் சின்னக் கிராமங்களுக்கும் பள்ளிக்கூடம் வந்தது. 1958-ல் செங்கல்பட்டு ஜில்லா கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அதைப் பார்த்து மற்ற ஜில்லாக்களிலும் மாநாடுகள் நடந்தன. ஊரார் கட்டிடம் கொடுத்தார்கள். பெஞ்சு, கரும்பலகை கொடுத்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை கொடுத்தார்கள். 1960-ல், ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியிலும் சம்பளம் ரத்து ஆனது.

பள்ளிக்கூடம் பக்கத்தில் வர வேண்டும். சம்பளம் போக வேண்டும். சட்டை இருக்க வேண்டும். வயிறும் நிறைய வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் ஏழைப் பிள்ளை வெளியே நின்றுவிடும். காமராஜரின் கெட்டிக்காரத்தனம் நான்கையும் ஒரே சமயத்தில் பிடித்ததில் இருக்கிறது. வெறும் சோறு மட்டும் போட்டிருந்தால் அது அன்னதானம் ஆகியிருக்கும்.

புள்ளிக் கணக்கில் அகப்படாத பலன் ஒன்றும் உண்டு. ஒரே அடுப்பில் வெந்த சோற்றைப் பல சாதிப் பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அன்றைய கிராமத்தில் பெரியவர்கள் செய்யத் துணியாத காரியம் அது. எல்லா ஊரிலும் முணுமுணுப்பு இல்லாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் நடந்தது.

தாய்க்கு 120 ரூபாய்

ராஜ்யத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு தேடியவர், சொந்த வீட்டு விஷயத்தில் கறாரான பேர்வழி. அவர் கலியாணம் செய்துகொள்ளவில்லை. தாயைச் சென்னைக்கு அழைத்துவந்து வைத்துக்கொள்ளவும் இல்லை. விருதுநகர் வீட்டுக்கு மாதம் 120 ரூபாய் அனுப்பினார் என்று சொல்வார்கள். விருந்தாளிகள் வந்து போகிறார்கள், கொஞ்சம் கூட்டி அனுப்பு என்று தாய் கேட்டபோதும் அவர் இணங்கவில்லையாம். அந்த வீட்டுக்குள் மாத்திரம் தனியாகத் தண்ணீர்க் குழாய் போட்டார்கள் என்று அறிந்து, அதை எடுக்கச் சொன்ன கதையும் பிரசித்தம். நகையை விற்றுப் பிள்ளையை வளர்த்த தாய்க்கு இது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. சிவகாமி அம்மாள் அந்தக் கேள்வியை ஊரறியக் கேட்டதாகத் தெரியவில்லை.

1963 அக்டோபர் 2-ந் தேதி அவர் முதல்-மந்திரி பதவியை விட்டார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த திட்டம். அதை முதலில் தானே நிறைவேற்றினார். 1964-ல் லால்பகதூர் சாஸ்திரி, 1966-ல் இந்திரா காந்தி, இருவரும் பிரதமர் ஆவதற்கு அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்து வழி வகுத்தார்.

1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். ஜெயித்தவர் பெ.சீனிவாசன் என்ற இளைஞர், மாணவர் தலைவராக இருந்தவர். 1969-ல் நாகர்கோவில் தொகுதி மக்கள் காமராஜரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

1975 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜெயந்தி அன்று, சென்னை திருமலைப் பிள்ளை ரோட்டு வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. அது வாடகை வீடு. மறு ஆண்டு, 1976-ல், 'பாரத ரத்னா' பட்டம் அவர் பெயருக்கு வந்தது.

அணையாத அடுப்பு

அவர் மூட்டிய அடுப்பு அணையவில்லை. 1982 ஜூலை 1-ந் தேதி முதல்-மந்திரி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். ஊரார் பங்கு சேர்ந்தால்தான் உலை கொதிக்கும் என்ற நிலை மாறியது. கருணாநிதி காலத்தில் சாப்பாட்டோடு முட்டை வந்தது. 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு, எல்லா ராஜ்யங்களிலும் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது.

ஆனால் மதிய உணவு மத்தியானம்தான் வரும். காலைப் பாடத்தை வெறும் வயிற்றோடு கேட்கிற பிள்ளைக்கு, 12 மணி வரை அது எட்டாத தூரத்தில்தான் இருந்தது. காலையில் வேலைக்கு ஓடுகிற தாய்மார்களின் வீடுகளில் அந்தப் பசி கூடியதே தவிரக் குறையவில்லை.

2022 செப்டம்பர் 15-ந் தேதி, மதுரையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில், முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து காலைச் சிற்றுண்டித் திட்டத்தைத் தொடங்கினார். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு அது. 2023 ஆகஸ்டு 25-ந் தேதி முதல் தமிழ்நாடு முழுவதும் உள்ள அரசு ஆரம்பப் பள்ளிகளில் காலையிலும் அடுப்பு எரிகிறது.